மஹருக்கு வந்த வெள்ளி டொலர்

போன வெள்ளி ஜும்ஆ முடிந்து வெளியே வந்தேன். ரவூப் காக்கா என் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். சாய்ந்தமருதில் படகு எஞ்சின் திருத்துபவர். பழைய அமெரிக்க வெள்ளி டொலர் சேர்ப்பதில் கொஞ்சம் பைத்தியம்... கொஞ்சமா? அவர் வீட்டில் பேச்சே அதுதான்.

மகள் சஜீனாவுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹராக என்ன வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்க, அவள் நகை கேட்கவில்லை. வாப்பாவின் பெட்டியில் இல்லாத ஒரு வருடத்து டொலரைக் கேட்டுவிட்டாள். யாருடைய மகள்!

மாப்பிள்ளை ரிஸ்வான், மருதமுனைப் பொடியன். மாதக்கணக்கில் தேடி, வெளிநாட்டிலிருந்து எடுப்பித்துவிட்டான். அதைக் காட்டத்தான் அன்று வந்தான்.

பொட்டலத்தைப் பிரித்தான். காசு பளபளவென்று மின்னியது. லென்ஸ் பிடித்த ரவூப் காக்காவின் முகம்தான் கறுத்தது. விளிம்பில் ஒரு கீறல்.

"மகன், இதை என்ன செய்தீங்க?"

"போலியெண்டா வெக்கக்கேடு மாமா. நகைக்கடையில குடுத்து உரசிப் பார்த்தன். நல்ல வெள்ளியாம். கறுத்துக் கிடந்ததால பொலிஷும் போட்டுத் தந்தாங்க."

உரைகல்லில் உரசாமல் நம்மூரில் யார் எதை நம்புவார்கள்? நகைக்கு அது சரி. ஆனால் பழைய டொலருக்கு எழுபது புள்ளி வரை கிரேடு உண்டாம். தேயாமல் இருக்க இருக்கப் புள்ளி ஏறும். வயதில் வந்த கறுப்பில் கைவைக்கவே கூடாதாம். உரசி, பொலிஷ் போட்ட காசுக்குப் புள்ளியே இல்லை!

"அறுபதுக்கு மேல நிண்டிருக்குமே..." காக்கா தலையில் கை வைத்தார்.

ரிஸ்வான் காசைத் திரும்பப் பொட்டலத்தில் சுற்றினான். "வேற ஒண்டு தேடித் தாறன் மாமா. அதுவரைக்கும் நிக்காஹைத் தள்ளி வைப்பம்."

காக்கா மறுக்கவில்லை. ஒரு கீறலுக்காக ஒரு கல்யாணம் நிற்பதா?

அறைத் திரைக்குப் பின்னாலிருந்து சஜீனாவின் குரல் வந்தது.

"வாப்பா, மஹர் உங்களுக்கா, எனக்கா?"

மஹர் பெண்ணுக்குரியது. அதில் வாப்பாவுக்கு என்ன பேச்சு?

"எனக்கு இதுதான் வேணும். போலியைத் தந்து என்னை ஏமாத்திரக் கூடாதெண்டுதானே அவர் உரசிப் பார்த்திரிக்கார்? ஒண்டையும் தள்ள வேணாம்."

காக்கா லென்ஸை மடித்து வைத்தார். "ஓம் புள்ள" என்றார். ரிஸ்வானுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எனக்கும்தான்.

மாப்பிள்ளையின் படிப்பு, தொழில், குடும்பம் என்று நாம் உரசிப் பார்க்காதது எது? தான் கொடுக்கப்போவதை உரசிப் பார்த்த மாப்பிள்ளையை, சத்தியமாக, இப்போதுதான் பார்க்கிறேன்!