எண்களை நம்பிய செல்லப்பாண்டி அண்ணன்

"ஆள் கெடைச்சுட்டாருண்ணே" என்று எங்கள் டிரைவர் போனில் சொன்னான். சிம்மக்கல் ஆம்புலன்ஸ் ஆபீஸில் போன் எடுக்கும் நான் "அப்பாடா" என்றேன். பிறகுதான் "உசுரு இல்லண்ணே" என்றான். செல்லப்பாண்டி அண்ணன் போன செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது.

எங்கள் டிரைவர்களில் மூத்தவர் அவர். அலங்காநல்லூர்ப் பக்கம் பாம்பு கடித்த ஒரு பெண்ணை ஏற்றப் போனவர், "மோட்டார் ரூம் தாண்டி இடப்பக்கம்" என்று சொன்ன அடையாளத்தை நம்பித் தோட்டம் தோட்டமாகச் சுற்றினார். போய்ச் சேர்ந்தபோது ஒப்பாரி கேட்டது. இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதன்பிறகுதான் ஜி.பி.எஸ். உள்ள போனை வாங்கினார். எங்களில் வேறு யாரிடமும் அப்போது அது கிடையாது.

லீவு நாளில் நாங்களெல்லாம் கறி தின்றுவிட்டுத் தூங்குவோம். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போவார். ஊருக்குப் பாதை பிரியும் ஒவ்வொரு விலக்கிலும் நின்று போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார். அது காட்டும் எண்களை எழுதிக்கொள்வார்.

"மழை வருதான்னு பாக்குறீகளாண்ணே?" என்று கேலி செய்திருக்கிறேன்.

"இரு மாப்ள, மேல இருந்து பதில் வரணும்ல" என்பார்.

நீங்களும் சிரித்திருப்பீர்கள். அந்த எண்களை ஆபீஸ் கம்ப்யூட்டரில் அடித்தால் மேப்பில் இடம் வந்து நிற்கும் என்று எனக்குச் செய்தும் காட்டினார். நான் தலையாட்டியதோடு சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், மேலூர் தாண்டி ஏதோ ஒரு குவாரிப் பாதையிலிருந்து அவரே கூப்பிட்டார். நெஞ்சுவலி. மூச்சு வாங்கியது. "பத்து... புள்ளி... பூஜ்யம்..." என்று ஆரம்பித்தார். இத்தனை வருடம் போன் எடுத்த பழக்கம் என் வாயில் முந்திக்கொண்டது.

"நம்பரெல்லாம் வேணாம்ணே. பக்கத்துல என்ன இருக்கு, அதச் சொல்லுங்க."

"சரி மாப்ள" என்றார். "ஒரு புளியமரம்... கல்லுக் குமி..."

மேலூர்ப் பக்கம் புளியமரமும் கல்லும் இல்லாத பாதை எது? அதோடு பேச்சு நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. வண்டி ஒன்றரை மணி நேரம் அலைந்தது.

துக்க வீட்டில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புட்டுத் தேடுனீகளோ" என்று அழுதார். நம்பரை வேண்டாமென்று நான் தடுத்ததை அங்கே சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன், மதினி. படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள்.

அவருக்குச் சரியான வழி தெரியும். எனக்குத் தெரியாது. அப்படியிருந்தும், அந்த வலியிலும், ஒரு சொல் கோபிக்காமல் என் பேச்சைக் கேட்டார். அந்த "சரி மாப்ள" மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?