ஒரு சாக்குச் சருகு

தொண்ணூறுகளில், பெங்களூருக்கு வெளியே சில குடும்பங்கள் கூட்டாக வாங்கிய தைலமரத் தோப்பில் நாங்களும் குடியேறினோம். தைலமரங்களை அகற்றி நாட்டு மரங்கள் வளர்த்தோம். சருகு மக்கி மண் தேறும்வரை யாரும் சருகைக் கூட்டக்கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் பொது விதி.

நகருக்குள், மல்லேஸ்வரத்திலிருந்து வந்த என் அக்கா, ஒத்தாசையாக இருக்கட்டுமென்று வீட்டைச் சுற்றிக் கூட்டிக் கொளுத்திவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் காலை அக்கம்பக்கத்தார், தங்கள் மரக்கன்றுகளுக்கடியில் கிடந்த சருகை ஆளுக்கொரு கூடை அள்ளிவந்து எங்கள் வாசலில் பரப்பினார்கள்.

“குப்பையக் கொண்டாந்து கொட்டுறாங்க, நீ காபி குடுக்கிறியேடி!” என்றாள் அக்கா.

அடுத்த முறை அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கையில் ஒரு சாக்கு மூட்டை.

“எங்க தெருவுல இதுக்கு நெருப்பு வைக்கப் பாத்தாங்க. சண்டை போட்டு வாங்கிட்டு வந்தேன்.”