பத்தொன்பது வினாடித் தாய்

விருது வாங்கிய படம் எதையும் நான் விடுவதில்லை. தொலைக்காட்சியில் போட்டாலும் கைபேசியில் கிடைத்தாலும் கடைசி எழுத்து ஓடி முடியும்வரை உட்கார்ந்து பார்ப்பேன். பார்த்து முடித்ததும், கொடுத்தது நியாயமா என்று தீர்ப்புச் சொல்வேன். பதுளையில் என் வீட்டுக்குள் அந்தத் தீர்ப்பைக் கேட்க வேண்டிய கட்டாயம் என் மனைவிக்கு மட்டும்தான். அரசாங்கக் கணக்குப் பிரிவில் மற்றவர்கள் போட்ட கூட்டலைச் சரிபார்த்தே காலம் போனவன் நான். ஓய்வு பெற்றபின் சரிபார்க்க வேறென்ன இருக்கிறது?

என் கணக்கில், தகுதியில்லாமல் ஆண்டின் சிறந்த படமானவை பதினொன்று. ஒன்றில் கதாநாயகன் ஏழு நிமிடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். நடுவர்கள் அதை ஆழம் என்றார்கள். இன்னொன்றில் ஒரு கிழவர் சாவதற்கு முன் மூன்று முறை விடைபெறுவார், மூன்று முறையும் மழை பெய்யும். பல்லவியில் ஒரு ஊரும் சரணத்தில் வேறு ஊருமாக ஓடும் பாட்டுக்காகவே விருது வாங்கிய படமும் உண்டு. இவற்றால் யாருக்கும் நட்டமில்லை. எனக்குத்தான் வயிற்றெரிச்சல். "உங்களுக்கு எந்தப் படந்தான் புடிச்சிருக்கு? கல்யாண வீடியோவுலயும் குறை கண்டுபுடிச்ச ஆளு" என்பாள் மனைவி.

பன்னிரண்டாவது படம் அப்படி இல்லை. அதனால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோனது. அந்தப் பெண் என் தங்கச்சி மகள்.

தங்கச்சி குடும்பம் எல்ல என்ற சுற்றுலா ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருக்கிறது. நானும் அங்கே பிறந்தவன்தான். படித்து, உத்தியோகம் பார்த்து, பதுளைக்கு வந்துவிட்டேன். தங்கச்சிக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கல்யாணமாகி அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். இளையவள் பதுளையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். மூன்று வருடத்துக்கு முன், தன் கடைக்கு லீவான ஒரு நாளில், அக்கா பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, முந்தி ஓடிவிட்டதால் அக்காவின் கைக்குழந்தையை இவள் தூக்கிக்கொண்டுபோய் பிள்ளைக்காம்பராவில் விட்டாள். பிள்ளைக்காம்பரா என்பது தோட்டத்தில் வேலைக்குப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டு மாலையில் எடுத்துப்போகிற கட்டடம். அன்று வாசலில் ஒருவர் கேமராவோடு நின்றிருந்தார். எல்லவில் தங்கியிருந்த வெளியூர்க்காரர். எடுக்கலாமா என்று கேட்டார், எடுங்க என்றாள். எல்லவுக்கு வருகிற எல்லோரும்தான் படம் எடுக்கிறார்கள். அதோடு மறந்தும் போனாள்.

இந்த வருடம் அது சினிமாவாக வந்தது. மலையகத்துப் பெண்களின் வறுமையைச் சொல்லும் படம். நடுவில் என் மருமகள் வருகிறாள். குழந்தையை ஆயாவின் கையில் கொடுக்கிறாள், திரும்பி நடக்கிறாள், பனிக்குள் மறைகிறாள். பின்னால் ஒரு புல்லாங்குழல். அதற்கு மேலே ஓர் ஆண் குரல்: "அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பி வரவும் இல்லை." பத்தொன்பது வினாடி. அடுத்த காட்சி ஒரு அநாதை இல்லம்.

நாட்டின் பெரிய திரைப்பட விருது அதற்குக் கிடைத்தது. நடுவர்கள் அந்தக் காட்சியைத்தான் எடுத்துச் சொன்னார்கள். இயக்குநர் மேடையில் பரிசை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தன் படத்தில் யாருமே நடிக்கவில்லை, எல்லோரும் தங்கள் வாழ்க்கையையே வாழ்ந்திருக்கிறார்கள் என்றார். தொலைக்காட்சியைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

விருது கிடைக்காமல் இருந்திருந்தால் அந்தப் படத்தை நூறு பேர் பார்த்திருப்பார்கள். கிடைத்ததால் எல்லோரும் பார்த்தார்கள். பதுளைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவும் பார்த்தார். அவருடைய ஒரே மகனுக்குத்தான் என் மருமகளைப் பேசி முடித்திருந்தோம். மருந்து வாங்க வந்து, தேவையில்லாத நாளிலும் மருந்து வாங்க வந்து, அவன்தான் ஆரம்பித்தது. கணவர் இறந்தபின் தனியாகக் கடையை நடத்தி மகனை வளர்த்த அம்மா, தோட்டத்துச் சம்பந்தமா என்று முதலில் இழுத்தார். பிறகு பெண்ணைப் பார்த்ததும் சம்மதித்தார். தட்டு மாற்ற நாள் பார்க்க வேண்டியதுதான் மிச்சம். அந்த நேரத்தில்தான் படம். ஒரு வாரத்தில் அந்த அம்மா அனுப்பிய தரகர் வந்து, இப்போதைக்கு வேண்டாமாம் என்று சொல்லிவிட்டு, கொடுத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் போனார்.

தங்கச்சி என்னிடம் வந்து அழுதாள். மருமகள் அழவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள். மருந்துக்கடைக்கு வருகிறவர்களில் சிலர் அவளை உற்றுப் பார்ப்பதாக மட்டும் ஒருநாள் சொன்னாள்.

மறுநாளே நான் பாத்திரக்கடைக்குப் போனேன். அந்த அம்மா முகம் கோணாமல் உட்காரச் சொன்னார். கோபமாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"உங்க தங்கச்சி மகள நான் தப்பா ஒரு வார்த்த சொல்லலைங்க" என்றார். "படத்த எடுத்தவரே சொல்றாரு, யாரும் நடிக்கலன்னு. நடிக்கலன்னா அது நடந்தது. நடந்ததுன்னா அந்தப் புள்ள யாரோடது? நீங்க கணக்குப் படிச்சவரு, நீங்களே சொல்லுங்க."

கூட்டலில் பிழை இல்லை. எடுத்துக்கொண்ட முதல் எண்ணில்தான் பிழை. நான் பிள்ளைக்காம்பராவைப் பற்றிச் சொன்னேன். கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார், பார்த்ததில்லையாம். மூன்று தலைமுறையாகத் தோட்டத்துச் சனங்களுக்குச் சட்டி பானை விற்கிற குடும்பம், ஆனால் தோட்டத்துக்குள் கால் வைத்ததில்லை. குழந்தை மூத்தவளுடையது என்றேன். அப்படித்தானே சொல்வீர்கள் என்பதுபோல் தலையை ஆட்டினார். ஒரு காலையில் என்னோடு வந்து நேரில் பாருங்கள் என்றேன். கடையை யார் திறப்பது என்றார்.

அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். நான் வருவதைக் கண்டால் அவர் உள்ளே போய்ப் பாத்திரம் அடுக்கத் தொடங்கினார். நான் வாசல் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து தொங்கும் கரண்டிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். மகன் கல்லாவில் தலையைக் குனிந்தபடியே இருப்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான். வீட்டுக்கு வந்தால் மனைவி, "கடைக்கு வெளிய உங்க பேருக்குப் போர்டு மாட்டாத குறைதான், வாடகை கேக்கப் போறாங்க" என்பாள். கேட்டாலும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன் என்றேன். கடைசியில் அந்த அம்மாவே வெளியே வந்தார்.

"உங்க தொல்ல தாங்கலைங்க. சனிக்கெழம வாறேன். ஒரே ஒரு தடவ. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வரக்கூடாது."

ஒப்புக்கொண்டேன்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் எல்லவில் இறங்கி, ஓட்டோ பிடித்து மேலே போனோம். அவர் நல்ல சேலை உடுத்தி வந்திருந்தார். வழி நெடுகிலும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குளிர் குளிர் என்றார். எங்கேயாவது கேமரா இருக்கிறதா என்றும் ஒருமுறை கேட்டார். பிள்ளைக்காம்பராவில் பச்சைச் சாயம் அடித்த அரைச்சுவர், உள்ளே வரிசையாகத் தொட்டில்கள். ஆயா அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். நாங்கள் வாசலில் ஒதுங்கி நின்றோம்.

தாய்மார் வரத் தொடங்கினார்கள். யாரும் நடந்து வரவில்லை, ஓடித்தான் வந்தார்கள். பெரட்டுக்குப் பிந்தினால் அரை நாள் பேர், அதாவது அரை நாள் கூலி, போய்விடும். இடுப்பில் பிள்ளை, தோளில் கொழுந்துச் சாக்கு, கையில் ரொட்டிப் பொட்டலம். பிள்ளையை ஆயாவின் கையில் திணித்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். ஒருத்தியும் பின்னால் பார்க்கவில்லை. அந்த அம்மா அதைக் கவனித்துவிட்டார்.

"ஏங்க, பெத்தவ ஒருக்காவாச்சும் திரும்பிப் பாக்க மாட்டாளா?"

பார்க்கமாட்டாள் என்றேன். திரும்பினால் பிள்ளை முகத்தைப் பார்த்துவிடும், பார்த்துவிட்டால் பிறகு பகல் முழுக்க அழுகைதான். இங்கே ஒவ்வொரு தாய்க்கும் அவளுடைய தாய் சொல்லிக்கொடுக்கிற முதல் விஷயம் அது: விட்டியா, திரும்பாம போ. என் அம்மாவும் என்னை இதே கட்டடத்தில் அப்படித்தான் விட்டுப்போனார். படத்தில் அந்த ஆண் குரல் அழுதுகொண்டு சொன்ன கொடுமை இதுதான்.

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நான் எண்ணிக்கொண்டே நின்றேன். பதினெட்டாவது ஆளாக வந்தவள் ஒரு சின்னப் பெண், புதுத் தாய். வாசலைத் தாண்டி நாலடி வைத்ததும் மனசு கேட்காமல் திரும்பிவிட்டாள். உள்ளே அவள் பிள்ளை வீறிட்டது. அதைக் கேட்டு இன்னும் நாலு பிள்ளைகள் சேர்ந்துகொண்டன. ஆயா அந்தச் சின்னப் பெண்ணைத் திட்டிய திட்டு எல்ல பஸ் நிலையம்வரை கேட்டிருக்கும்.

அந்த அமளியில்தான் அது நடந்தது. கடைசியாக ஓடிவந்த ஒருத்தி, ஆயா உள்ளே தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்ததால், வாசலில் சலவைச் சேலையோடு நின்ற பாத்திரக்கடை அம்மாவின் கையில் தன் பிள்ளையைக் கொடுத்துவிட்டாள்.

"புது ஆயாங்களா? போத்தல் பையில இருக்குங்க. சூடு பாத்துக் குடுங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த அம்மா பிள்ளையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். ஆறேழு மாதப் பிள்ளை. அழாமல் அவருடைய மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. பாதையில் அந்தப் பெண்ணின் முதுகு பனிக்குள் மறைவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் யாருன்னே தெரியாது அவளுக்கு" என்றார்.

"வாசல்ல நின்னீங்க. அது போதும் அவங்களுக்கு."

அந்த அம்மா பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "அந்தப் படக்காரர் சாயந்தரம் இங்க நிக்கலையா?" என்று கேட்டார்.

மாலைவரை நின்றிருந்தால் அத்தனை தாய்மாரும் திரும்பி வருவதை அவர் எடுத்திருக்கலாம். நின்றிருக்கமாட்டார். நின்றிருந்தால் விருது ஏது? நான் இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. அந்த அம்மாவே சொன்னார், நான் நினைத்ததைவிடக் கடுமையான வார்த்தையில்.

அங்கிருந்து தங்கச்சி லயத்துக்குப் போனோம். மூத்தவளின் பிள்ளை, படத்தில் அநாதை இல்லத்துக்குப் போன அதே பிள்ளை, இப்போது மூன்றரை வயது, வாசலில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தது. இதுதான் அது என்று காட்டினேன். அந்த அம்மா அதைத் தூக்கப் போனார், அது ஓடிவிட்டது. தங்கச்சி ரொட்டியும் சம்பலும் வைத்தாள். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு அந்த அம்மா, நடந்ததை மறந்துவிடுவோம், அடுத்த மாதமே நாள் பார்க்கலாம் என்றார். தங்கச்சி எழுந்து சாமிப்படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அப்போது, அன்று வேலைக்கு லீவு போட்டிருந்த மருமகள் அடுப்படியிலிருந்து வந்தாள்.

"அம்மா, உங்க மகன் படம் பாத்தாரா?"

"பாத்தான்."

"என்ன சொன்னாரு?"

"ஒன்னும் சொல்லலையே."

"அப்ப அவர் வந்து சொல்லட்டுங்க. நாள் பிறகு பாக்கலாம்."

தங்கச்சி அவள் கையைக் கிள்ளினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். நாலு நாள் கரண்டி எண்ணிய பலன் கண் முன்னால் போகிறது. அவள் என்னைப் பார்த்து, "மாமா, நீங்க அவங்களுக்குக் காட்டுனது சரி. ஆனா நான் கட்டிக்கப்போறது அவங்கள இல்லையே" என்றாள். அந்த அம்மா செருப்பை மாட்டிக்கொண்டார். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார். பதுளையில் இறங்கும்போது, "பொண்ணு கெட்டிக்காரிதான்" என்றார். அது புகழ்ச்சியா புகாரா என்று அன்று முழுக்க யோசித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவின் மகன் தனியாகத் தோட்டத்துக்கு வந்தான். நானும் போயிருந்தேன், போகாமல் இருக்க முடியவில்லை. அவன் கையில் பழப்பை. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. மருமகள் வாசல்படியில் நின்றாள்.

"அந்தக் காட்சிய நான் நிறுத்தி நிறுத்திப் பாத்தேன்" என்றான். "புள்ளய குடுக்குறப்ப நீங்க அதோட கால்ல காலுறைய இழுத்து விடுறீங்க. விட்டுட்டு ஓடிப்போற ஆளு அத செய்யாது. அப்பவே எனக்குத் தெரியும்."

நானும் அந்தப் பத்தொன்பது வினாடியைப் பலமுறை பார்த்தவன்தான். புல்லாங்குழல் மீதும் அந்தக் குரல் மீதும் இருந்த ஆத்திரத்தில் காலுறையைப் பார்க்கவில்லை.

"தெரிஞ்சும் ஏன் பேசாம இருந்தீங்க?" என்று கேட்டாள் அவள்.

அவன் பழப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "அம்மாவுக்குப் பயம்."

"இப்பவும் பயமா?"

"கொஞ்சம் இருக்கு. இன்னைக்கு இங்க வாறேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். கடைச் சாவிய அம்மா முன்னால மேசையில வச்சுட்டு வந்தேன்."

அவள் அவனை நன்றாகப் பார்த்தாள். நான் இடையில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், தங்கச்சி என் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"கொஞ்சம்னா பரவாயில்ல" என்றாள் மருமகள். "மாமா, அவருக்கு ஒரு நாற்காலி போடுங்க."