பின்னால் ஒரு சாண் இடம்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் பேனாவை எடுத்ததற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் நின்றால் நா எழாது. ஆனால் போன மாதம் தம்பி வாங்கித் தந்த மைக்ரோவேவ் அடுப்பு சமையலறை மேடைக்கு வந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இந்த நான்கு வரி எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்துபோய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

தம்பி சென்னையிலிருந்து வந்து பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தான். "அக்கா, எவர்சில்வர் உள்ள போகக் கூடாது, பொறி பறக்கும். கண்ணாடி, பீங்கான்தான். முட்டையை ஓட்டோட வெச்சுடாத, வெடிச்சிடும். மூடியை இறுக்கி மூடாத, ஆவி போகட்டும். சும்மா காலியா ஓட்டிப் பாக்காத, அதுக்குக் கோபம் வந்துடும்." பாதியில் நிறுத்திக் கிளறினால்தான் நடுவிலும் சூடு சேருமாம். மணி அடித்த பிறகும் இரண்டு நிமிடம் உள்ளேயே விட்டு எடுக்க வேண்டுமாம். எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். கடைசியில், "பின்னாடி ஒரு சாண் இடம் விடு, சூடு வெளிய போகணும்" என்று விரல்களை விரித்துச் சுவரோரம் அளந்து காட்டினான். அந்தக் கையைப் பார்த்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அதே அளவை அதே மாதிரி அப்பா காட்டியபோது, தம்பி பிறந்து பத்து நாள்.

அறுபதுகளின் கடைசி அது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைச் சுட்டுக் கட்டியாக்கிய கரி வீடுகளுக்கு வரத் தொடங்கியிருந்தது. அந்தச் சுரங்கத்து வேலையில் அப்பா அப்போதுதான் பெர்மனன்ட் ஆகி, எங்களுக்கு ஓர் அறையும் சமையல்கட்டுமாகக் குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. அம்மாவின் பிரசவத்துக்குத் துணையாகக் குள்ளஞ்சாவடிப் பக்கத்திலிருந்து அவருடைய அக்கா, என் பெரியம்மா வந்திருந்தார். ஈர விறகோடு போராடிக் கண் சிவந்தவர் அவர். இந்தக் கரி அவரைக் குழந்தையாக்கிவிட்டது. கொல்லையில் தேங்காய்நார் போட்டு, துளி மண்ணெண்ணெய் தெளித்துப் பற்றவைப்பார். முதல் புகை அடங்கி மேலே சாம்பல் பூத்த பிறகுதான் அடுப்பை உள்ளே தூக்கிவருவார். "கண்ணு எரியல, செவுரு கறுக்கல. இன்னாடி இது, அடுப்பா சாமியா?" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். சமையல் முடிந்ததும் மீந்த தணலை இரும்புச் சட்டியில் வாரி அம்மாவின் கட்டிலடியில் வைப்பார். பிள்ளை பெற்றவளுக்குக் கதகதப்பு வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "அக்கா, புகை இல்லன்னு நம்பாதீங்க. கண்ணுக்குத் தெரியாத காத்து ஒண்ணு இதுல வருதாம், ஷிப்ட்ல பேசிக்கிறாங்க. ஜன்னல் ஒரு சாண் தொறந்தே இருக்கணும்" என்றார். "புள்ள பெத்தவளுக்குக் குளுரு காத்து ஆவுமா தம்பி?" என்று பெரியம்மா முணுமுணுத்தார். ஆனாலும் பருப்பு கடையும் மத்தை எடுத்துவந்து ஜன்னல் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகினார். "இந்தாங்க, உங்க ஒரு சாணு. அளந்து பாத்துக்குங்க." அன்றிலிருந்து தணல் உள்ளே வந்தால் மத்து ஜன்னலுக்குப் போய்விடும். எங்களுக்கெல்லாம் புகைதான் நெருப்பின் குரல். குரல் இல்லாத நெருப்பை யாரும் மனதார நம்பிப் பயந்ததில்லை. பெரியம்மாவும் பயந்து செய்யவில்லை, சொன்ன சொல்லுக்காகச் செய்தார்.

ஐப்பசி மழையில் பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட ஒரு நாள். என்னிடம் இருந்தது ஒரே சீருடை. நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் அந்த அறைக் கொடியில், ஜன்னலோரம், தணலின் சூட்டுக்காகத் தொங்கின. சாரல் அந்த ஒரு சாண் வழியாகப் புகுந்து பாவாடையை நனைத்துக்கொண்டே இருந்தது. அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். பெரியம்மா கொல்லைக் குழாயடியில் குழந்தைத் துணி அலசிக்கொண்டிருந்தார். நான் மத்தை உருவினேன். ஜன்னலைச் சாத்திக் கொக்கியும் போட்டேன். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கிற பெண் என்று எனக்குப் பேர் உண்டு. மத்தைச் சமையல்கட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் பல்லாங்குழி ஆடப் போனேன்.

காலை ஷிப்ட் முடிந்து அப்பா வந்தார். அவர் போட்ட சத்தத்தில்தான் ஓடிவந்தேன். அம்மா வாந்தியெடுத்துத் தலை தொங்கிக் கிடந்தார். தம்பி துணிபோலத் துவண்டிருந்தான். இருவரையும் வெளியே தாழ்வாரத்துக்குத் தூக்கிவந்து போட்டார்கள். மழைக்காற்றில் எவ்வளவு நேரம் கழித்துத் தம்பி அழுதான் என்று தெரியாது. அது அழுகையே இல்லை, பூனைக்குட்டி முனகல். பிழைத்துவிட்டார்கள். அதன்பின் அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

"வச்சன் தம்பி, மத்து வச்சன்" என்றார் பெரியம்மா.

"எங்க மத்து? வந்து பாருங்க, ஆணில தொங்குது!"

பெரியம்மா சமையல்கட்டு வாசலில் நின்று அந்த மத்தையே பார்த்தார். முதலில் முகத்தில் கோபம் இருந்தது. பிறகு அது மெல்லக் கழன்று, "வச்சனே... வைக்கலயா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். நான் கதவோரம் நின்றேன். வாய் திறக்கவில்லை. "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதீங்க" என்றார் அப்பா. சாயங்கால பஸ்ஸில் பெரியம்மா போனார். சீருடை மட்டும் நன்றாகக் காய்ந்திருந்தது.

அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் கல்யாணங்களில் பார்த்தால் "நல்லா இருக்கியா" என்பதோடு சரி. பெரியம்மா பண்ருட்டிக்கே குடிபோய், வீட்டுப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனார். பாதி வேலையில் எழுந்து வீட்டுக்கு ஓடுவாராம், அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க. திரும்பிவந்து உட்கார்ந்து மறுபடி ஓடுவாராம். "இன்னாக்கா, அடுப்பு வா வான்னு கூப்புடுதா?" என்று கூட இருந்தவர்கள் கேலி செய்வார்களாம். பூட்டை மூன்று முறை இழுப்பார். உப்புப் போட்டோமா என்பதற்கு அடுத்தவர் சாட்சி வேண்டும். தன் கை செய்ததைத் தானே நம்ப முடியாத வாழ்க்கை. அதை அவருக்குக் கொடுத்தவள் நான். அப்பா இறந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். வெட்கம் என்று பேர் வைத்துப் பயத்தை வளர்த்துவந்தேன்.

தம்பி ஊருக்குத் திரும்பிய பிறகு, ஒரு நாள் பண்ருட்டிக்குப் போனேன். பெரியம்மா முந்திரிப் பருப்பின் தோலை உரித்துக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவே இரண்டு முறை எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றாவது முறை எழப்போனபோது சொல்லிவிட்டேன். "பெரியம்மா, அந்த மத்த எடுத்தது நான். பாவாட நனையுதுன்னு சாத்திட்டேன்."

எந்த மத்து என்று அவர் கேட்கவில்லை. கை நின்றது. "ஆணில மாட்டனது?"

"நான்தான்."

"அப்ப நான் வச்சன்." மறுபடியும், "வச்சன்டி நானு. வச்சன்" என்றார். பிறகு என் தோளில் ஓங்கி ஓர் அடி. "பாவி முண்ட, ஒரு பாவாடைக்கா?" சிரித்தாரா, அழுதாரா என்று சொல்லத் தெரியவில்லை. "உங்கம்மாகிட்ட சொன்னியா? போ, போயி அத சொல்லு மொதல்ல." நான் கிளம்பும்வரை அவர் அடுப்பைப் பார்க்க எழவில்லை.

வீட்டுக்கு வந்தபோது, என்னோடு இருக்கும் அம்மா மைக்ரோவேவ் முன்னால் நின்று, கண்ணாடிக் குவளையில் பால் சுற்றுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயே நின்று சொன்னேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. அடுப்புக்குப் பின்னால் சுவருக்கும் அதற்கும் நடுவே இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது. இரண்டு நிமிடத்துக்கு மேலாகியும் பாலை யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் அம்மா பண்ருட்டிக்குப் போனார்.