எதிர்வீட்டுச் சாட்சி

நண்பர்களே, இதைப் பெங்களூர் பிளேக் முகாமின் கொட்டகையிலிருந்து எழுதுகிறேன்.

ஒரு மாதம் கோலாரில் இருந்துவிட்டு இன்று காலைதான் திரும்பினேன். என் வீட்டுக் கதவில் முனிசிபாலிட்டிக்காரர்கள் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே எலி செத்துக் கிடக்கிறதாம்; பிளேக் வந்த வீடாம்.

"இது என் வீடு, திறங்க" என்றேன்.

"நீ இங்க குடியிருக்கிறதுக்கு சாட்சி யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

எதிர்வீட்டு அருளப்பன் ஓடி வந்தார். நல்ல மனுஷர். உதவி என்று இறங்கிவிட்டால் உண்மை மட்டும் அவருக்குப் போதாது.

"இவரு இங்கதாங்க இருக்காரு. நேத்து ராத்திரிகூட இவரு வீட்டுலதான் நான் சாப்பிட்டேன்!"

இன்ஸ்பெக்டர் முகம் மலர்ந்தது. "அப்போ ரெண்டு பேரும் முகாம் வண்டியில ஏறுங்க."

நான் கோலார் கோலார் என்று கத்தியதை யார் கேட்டார்கள்?

மாலையில் அருளப்பன் மனைவி முகாம் வாசலில் வந்து அழுதார். "ஐயா, அவரு அந்த வீட்டுல பச்சத் தண்ணிகூட குடிச்சதில்லீங்க!"

"குடிக்கலேங்கிறதுக்கு சாட்சி இருக்கா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

இப்போது அருளப்பன் அடுத்த பாயில் இருக்கிறார். என்னோடு பேச்சில்லை. அவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவரைச் சற்று முன்புதான் துணி போர்த்தித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அருளப்பனுக்காகச் சாட்சி சொல்ல உங்களில் யாராவது வருகிறீர்களா? வந்தால், எங்கள் தெருக்காரர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.