வண்டியைப் போடுகிறேன் என்றாள்

என் மகள் செய்யாறு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறாள். வாரத்தில் ஒரு நாள் லீவு. அன்றைக்கு மோட்டார் சைக்கிள் வீடியோ எடுப்பாள். கேமரா கிடையாது, கீறல் விழுந்த போன்தான். பழைய ட்யூபை வெட்டி, அந்தப் பட்டையால் போனைச் சிநேகிதிகளின் வண்டி ஹேண்டில்பாரில் கட்டுவாள். காற்று இரைகிறது என்று, காலரில் குத்தும் சின்ன மைக்குக்கு என் கம்பளிக் குல்லாவிலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சுற்றிவிட்டாள்.

“என் குல்லாவ ஏம்மா வெட்டின?”

“காத்து உனக்கு மட்டுந்தான் அடிக்குதா நைனா?”

வண்டியை ஓட்டலாம், துடைக்கலாம். உட்கார்ந்து பார்ப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? அது எனக்கு இன்னும் புரியவில்லை.

என்னிடமும் ஒரு பழைய வண்டி உண்டு. பெரணமல்லூருக்குப் பெண் பார்க்க அதில்தான் போனேன். வழியில் நல்ல மழை. பெண் வீட்டார் முதலில் வண்டியைத் துடைக்கத் துண்டு கொடுத்தார்கள், பிறகுதான் எனக்கு. அந்தப் பெண்ணைத்தான் கட்டிக்கொண்டேன். முழங்கால் போனதிலிருந்து என்னால் உதைத்துக் கிளப்ப முடியவில்லை. வண்டி வாசலில் நிற்கிறது. இடத்தை அடைக்கிறது என்று மனைவி தினமும் சொல்வாள். என்றைக்காவது எனக்குத் தெரியாமல் கொடுத்துவிடுவார்களோ என்று பயம்.

அந்த லீவு நாள் காலையில் மகள் யாரிடமோ போனில் பேசியது காதில் விழுந்தது.

“நைனா வண்டிய எடுத்தாச்சுடி. இன்னிக்கே போட்டுடுவேன். அம்மா ஓகே சொல்லிடுச்சு. நைனாகிட்ட சொல்லல, சொன்னா பேஜாரு பண்ணும்.”

ஓட்டை அண்டாவைப் பழைய இரும்புக் கடையில் கொடுப்பதைத்தான் நாங்கள் ‘போடுவது’ என்போம். எடுத்தாச்சு என்கிறாளே, வண்டி இங்கேதானே நிற்கிறது என்று குழம்பினேன். பேரம் முடிந்திருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். சிநேகிதர் ஒருவர் அரிசி மில் வைத்திருக்கிறார். அங்கே விட்டுவிடலாம் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன்.

தெருமுனையில் நெசவுக்குப் பட்டு நூலைப் பாவாக நீளமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டு நெசவுக்காரர் கையைக் குறுக்கே நீட்டினார்.

“அண்ணா, எங்க தள்ளிகினு போற? பாவு போட்டிருக்குது, கண்ணு தெரியல?”

“ஓரமா போயிக்கிறேன்பா.”

“ஓரம் எங்க கீது? டயரு பட்டா நூலு போச்சு. செத்த நேரம் நில்லு.”

“ஜல்தியா முடிப்பா.”

“இன்னா அவசரம்? போலீசு தொரத்துதா?”

போலீசு வரவில்லை, மகள் வந்துவிட்டாள்.

“நைனா! வண்டிய எங்க தள்ளிகினு போற?”

“நீதான் போடறேன்னியே, இரும்புக் கடைல.”

அவள் அங்கேயே குந்திச் சிரித்தாள்.

“ஐயோ நைனா, வீடியோவ போன்ல போடறேன்னு சொன்னேன். ஆளுங்க பார்க்க.”

“எடுத்தாச்சுன்னியே?”

“படம் எடுத்தேன். நீ தூங்கிகினு இருந்தப்ப.”

“அதுக்கு உங்கம்மா எதுக்கு ஓகே சொல்லணும்?”

“அதோட பொடவையத்தான் வண்டிக்குப் பின்னால தெரையா கட்டினேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா, தூசியா கீது, தொடச்சிட்டு எடுன்னு என் உயிர எடுப்ப.”

நெசவுக்காரர் நூலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “படம் புடிச்சதுக்கா அண்ணா வண்டிய கடத்திகினு வந்த?”

வண்டிச் சத்தம் மட்டும் பாக்கி என்றாள் மகள். கட்டியிருந்த புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு உதைத்தாள். நான்கைந்து உதையில் கிளம்பிவிட்டது. புகை பாவுப் பக்கம் போனது.

“பட்டுல பொகை! அந்தாண்ட போங்க!” என்று நெசவுக்காரர் கத்தினார்.

போனை என் கையில் கொடுத்துப் பின்னால் ஏறச் சொன்னாள். என் வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்தது அன்றுதான். எதைப் பிடித்துக்கொள்வது, போனையா அவளையா என்று தெரியவில்லை. போன் படம் பிடிக்கிறதா என்பதும் தெரியவில்லை. வழியில் அவள் திரும்பாமலே கேட்டாள்.

“நல்லாத்தான ஓடுது? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெனம் இதுலயே போவட்டா நைனா?”

வண்டி இரும்புக் கடைக்குப் போகவில்லை. ஆனால் தினமும் வாசலை விட்டுப் போகும். இது எனக்கு நல்லதா கெட்டதா என்று யோசித்தேன். அந்தச் சத்தத்தில் சரி என்றேனா, வேண்டாம் என்றேனா, எனக்கே ஞாபகமில்லை. மறுநாள் ஷிப்டுக்கு அவள் அதில்தான் போனாள்.