மியூட்டை எடுங்கோ

கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடிக் குடியிருப்பில் பின்னேரம் ஏழு மணியானால் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு குரல் கேட்கும். "தெஹிவளை, உங்கட குக்கர் விசிலடிக்குது. கனடா, டீவியைக் குறையுங்கோ. பாரிஸ், ஆர் அங்க இருமிறது?" புதிதாகக் குடிவந்தவர்கள் மேலே ஏதோ கப்பல் கம்பனி நடக்கிறது என்று நினைப்பார்கள். நடப்பது செபமாலை. நடத்துபவர் பிறிஜெற் அக்கா.

அவர்கள் நினைப்பதும் பெரிய பிழையில்லை. அக்கா கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் தொலைபேசி ஒப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தினால் முதலாளியைக்கூட ஹோல்டில் போட்டுவிடுவார் என்று சொல்வார்கள். அக்கா அதை இன்றுவரை மறுத்ததில்லை.

கொரோனாவில் கோயில் பூட்டியபோது நாங்கள் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு இருந்தோம். அக்கா மட்டும் செபமாலையைப் போனில் நடத்தச் சூம் செயலியைப் படித்தார். பிறகு ஒவ்வொருவராக அழைத்து, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று உயிரை எடுத்தார். எனக்குச் சொல்லித்தரும்போது "மண்டு" என்றார், நான் அடுத்த வீட்டுக்காரன் என்றும் பார்க்கவில்லை. கோயில் திறந்த பின்னும் செபமாலை நிற்கவில்லை. படியிறங்க முடியாதவர்களும் வெளிநாடு போனவர்களும் அதை விடவில்லை.

செபமாலையைப் பத்துப் பத்து மணிகளாக உருட்டிக்கொண்டு ஒருவர் "அருள் நிறைந்த மரியே" என்று முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் "புனித மரியே" என்று இரண்டாம் பாதியைப் பதிலாகச் சொல்வார்கள். கோயிலில் அது அழகாக இருக்கும். சூமில் நாங்கள் ஆமென் சொல்லும்போதுதான் கனடா பதிலைத் தொடங்கும். மீன்கடைச் சந்தை தோற்றுப்போகும்.

போன ஒக்டோபரில், செபமாலை மாதம் தொடங்கும்போது, பிறெடி வந்தான். கோயிலின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவன். நல்ல பிள்ளை, மைக் என்றால் மட்டும் பைத்தியம். அக்காவின் செபமாலையைப் பக்கத்தில் நேரலையாகப் போட ஆசைப்பட்டான்.

"அன்ரி, எல்லாரையும் மியூட் பண்ணினா சவுண்ட் கிளீனா இருக்கும்."

"எனக்கே லைன் பூட்டச் சொல்லித் தாறீரோ?" என்றார் அக்கா. ஆனால் அவருக்கும் அந்தச் சந்தை பிடிக்காது. எல்லோருடைய வாயையும் ஒரே பொத்தானில் மூடினார்.

பாராட்டு குவிந்தது. "மிகத் தெளிவாக உள்ளது" என்று நோர்வேயிலிருந்து எழுதினார்கள். எனக்கும் வசதிதான். மீன் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே பதில் சொன்னேன், ஒருவருக்கும் தெரியாது.

ஒருநாள் திரையில் முகம் தெரியும் பெட்டிகளில் ஒன்று குறைந்தது. சவுந்தரநாயகம் ஐயாவின் பெட்டி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மனைவி எவ்லின் அந்த வருடத் தவக்காலத்தில் இறந்துபோக, தனியாக இருந்தார். அக்கா அழைத்துக் கேட்டபோது, போன் பழுதாகிவிட்டது என்றார்.

"போன் பழுதெண்டு அதே போனில சொல்றார். வாரும், போய்ப் பாப்பம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டார்.

ஐயா கதவைத் திறந்ததும் பிடிபட்டவர் முகத்தோடு சிரித்தார்.

"ஏன் ஐயா வாறேல்ல?"

"வந்தனான் பிள்ளை. நான் சொல்றது ஒருத்தருக்கும் கேக்கேல்லத்தானே."

"மாதாவுக்குக் கேக்கும்."

"ஓம், மாதாவுக்குக் கேக்கும்." ஐயா எங்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டார். "கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து எவ்லின் முதல் பாதி, நான் ரெண்டாம் பாதி. அவ போனபிறகு தனிய சொல்லிப் பாத்தன். முதல் பாதி தெரியாதெண்டில்ல, வாயில வருதில்ல. அது அவவின்ர. உங்கட குரல் கேட்டா எனக்குப் பதில் தானா வரும். நான் சொல்லி முடிய அங்கால நீங்கள் அடுத்ததைத் தொடங்குவீங்கள். ஆரோ கேட்டுக்கொண்டு இருக்கினம் எண்டு தெரியும். இப்ப நான் சொன்னாலும் சொல்லாட்டியும் ஒண்டுதான். வீடு அப்பிடியே கிடக்கு."

படியிறங்கும்போது அக்கா சொன்னார், "ஆளை ஹோல்டில போட்டிட்டு லைனை மறந்திட்டன்." கண் கலங்கியிருந்தது. அதற்கு முன் நான் அப்படிப் பார்த்ததில்லை.

ஆனால் அழுதுகொண்டிருக்கும் ஆளா அவர்? வீட்டுக்கு வந்ததும் பிறெடியை அழைத்து, மியூட்டை எடுக்கப்போவதாகச் சொன்னார்.

"அன்ரி, எவ்வளவு பேர் பாக்கினம், திரும்பவும் சத்தம் வந்தா..."

"பாக்கிற ஆக்கள் பாக்கட்டும். இது செபமாலை, ரேடியோ நிகழ்ச்சி இல்ல. மாலையின்ர ஒவ்வொரு பத்துக்கும் ஒரு வீடு பதில் சொல்லட்டும். மற்ற ஆக்கள் மியூட்டில இருக்கட்டும். விளங்குதோ?"

பிறெடிக்கு விளங்கியது. எந்தப் பத்துக்கு எந்த வீடு என்று திரையில் பெயர் தெரியும்படி அவனே செய்துகொடுத்தான்.

முதல் பத்து சவுந்தரநாயகம் ஐயாவுக்கு. அக்கா முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினார். ஐயாவின் பெட்டியில் மின்விசிறி தெரிந்தது, பிறகு ஒரு காது தெரிந்தது.

"ஐயா, மியூட்டை எடுங்கோ."

மூக்கு தெரிந்தது. நேரலை ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஆளிடம் போகச் சொல்லிப் பிறெடி எழுதினான். அக்கா அசையவில்லை. கடைசியில் ஒரு கரகரத்த குரல் வந்தது. "அர்ச்சியசிஷ்ட மரியாயே..." இப்போது யாரும் சொல்லாத பழைய சொற்கள், எவ்லினோடு சொல்லிப் பழகியவை. அக்கா திருத்தவில்லை. கேட்டு முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினார். அதன்பின் ஐயா ஒருநாளும் தவறவில்லை.

மாதக் கடைசியில் ஒருநாள், அக்கா முதல் பாதியை நடுவில் சொல்லிக்கொண்டிருக்கும்போது எங்கள் கட்டடத்தில் கரண்ட் போனது. நான் போன் டேட்டாவில் இருந்ததால் தப்பினேன். அக்கா றவுட்டரை நம்பி லப்டொப்பில் இருந்தார். அவருடைய பெட்டி திரையிலிருந்து மறைந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்து முழித்துக்கொண்டிருந்தோம். இத்தனை நாள் அவர் தொடங்கப் பதில் சொல்ல மட்டும் பழகியிருந்த எங்களில், தொடங்கும் துணிவு ஒருவருக்கும் வரவில்லை.

அப்போது அந்தக் கரகரத்த குரல் வந்தது. "பிரியதத்தத்தினாலே..." ஒருமுறை நின்றது. தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. பிறகு எவ்லினின் பழைய சொற்களிலேயே, முதல் பாதி முழுவதும் வந்தது.

யார் முதலில் மியூட்டை எடுத்தார்கள் என்று தெரியாது. எல்லோரும் ஒன்றாகப் பதில் சொன்னோம். கனடா பிந்தியது, தெஹிவளைக் குக்கர் கூவியது, சந்தையேதான்.

அக்கா போனில் திரும்பி வந்தார். இருட்டில் நாடியும் உதடும் மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தன. நான் அதட்டலுக்குக் காத்திருந்தேன். அவர் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவரே போட்ட மியூட் அடையாளம் அவருடைய பெட்டியில் விழுந்தது. ஐயா அடுத்த முதல் பாதியைச் சொல்லி நிறுத்தியதும், அக்காவின் உதடுகள் இரண்டாம் பாதியைச் சொல்லத் தொடங்கின.